கடலுக்கு இருநூறு மீற்றரில் ஒரு சின்னக் கார்

கராஜில் கார் திருத்தும் பாஸ் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால், என் காரின் சாரதிப் பக்கக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பின்சில்லுக்கு ஒரு சாண் முன்னால் சத்தம் மாறியது. டப். அந்த இடத்தில் நுனியை வைத்து அழுத்தினார். பிட்டுக்குள் கரண்டிக்காம்பு போவதுபோல உள்ளே போயிற்று. இழுத்தபோது கூடவே கொட்டியது பழைய தேயிலைச் சக்கை மாதிரி, தட்டுத் தட்டாக, ஈரமாக இருந்தது. ஒரு துணிக்கையை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். ஆய்வுகூடத்தில் எதையும் வாயில் வைக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிறவள் நான். உப்புக் கரித்தது.

மேலே பார்த்தால் பளபளவென்று வெள்ளை டொயோட்டா விட்ஸ். ஞாயிறு தவறாமல் கழுவுவோம், மெழுகு பூசுவோம். கீழே ஒரு தரம்கூடக் குனிந்து பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷமாக உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இரும்பு துருப்பிடிக்க ஒட்சிசனும் நீரும் வேண்டும், உப்பு சேர்ந்தால் வேகம் கூடும் என்று எத்தனை தரம் பலகையில் எழுதியிருப்பேன்! பாடப்புத்தகத்தில் துரு, வீட்டில் கறள். அதுதான் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லைப் போல.

புதுக் காருக்கு மாறிவிடலாம் என்ற பேச்சுக்கும் அப்போது இடமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. நடுவில் ஓட்டைக் கார்களும் பவுண் விலைக்குப் போயின. இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை. அப்படிக் காப்பாற்றக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். கொழும்புக் கரையோரத்தில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, தெஹிவளை, கல்கிசை என்று கடல்காற்றுப் படும் இடத்தில் சின்னக் கார் வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும்.

அண்ணாவின் உப்பும் என் உப்பும்

எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. கார் நிற்பது கூரையில்லாத இடத்தில். அதற்கும் கடலுக்கும் நடுவே சில வீடுகள், மரைன் டிரைவ், ரயில் பாதை, கருங்கல் அணை, அவ்வளவுதான். வைகாசியில் தென்மேல் பருவக்காற்று எழும்பினால் அலை கல்லில் மோதிப் புகையாய்ச் சிதறுவதைப் பல்கனியில் நின்றே பார்க்கலாம். விடிய எழும்பிக் காரின் முன்கண்ணாடியில் விரலால் கோடு இழுத்தால் இழுத்த இடம் மட்டும் தெளிவாகத் தெரியும். ஏ.சி.யின் வெளிப்பெட்டி நாலு வருஷத்தில் சல்லடை. யன்னல் கம்பி, கேற் பிணைச்சல், மொட்டைமாடிக் கொடிக்கம்பி எல்லாவற்றுக்கும் அதே கதி. கார் மட்டும் தப்பும் என்று ஏன் நினைத்தேனோ.

பெரியண்ணா ரொறன்ரோவில். போனில் சொன்னதும் சிரித்தார். "அங்கே என்ன பனியா கொட்டுது, கார் உக்கிறதுக்கு?" அங்கே குளிர்காலத்தில் வீதி உறையாமலிருக்க லொறி லொறியாக உப்பைத் தூவுவார்கள். ஒன்ராறியோவில் கோடெரிச் என்ற ஊரில், ஹியூரோன் ஏரிக்கு அடியில், உலகத்திலேயே பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இருக்கிறது. சாதாரண உப்பு சைபருக்குக் கீழே ஒன்பது, பத்துப் பாகை வரை பனியைக் கரைக்கும். குளிர் அதற்கும் கீழே இறங்கினால் கல்சியம் குளோரைட்டு, மகனீசியம் குளோரைட்டு என்று கலப்பார்கள். கரைந்த சேறு சில்லில் அடித்துக் காரின் அடிவயிறு முழுக்க அப்பிக்கொள்ளும். அதனால் அண்ணா ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் காரின் அடிக்கும் பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் எண்ணெய் தெளிப்பித்துவிடுவார். பனி கரைந்த பிறகு ஒரு பெரிய கழுவல்.

"உங்களுக்கு அஞ்சு மாதம் அண்ணா, எனக்குப் பன்னிரண்டும்" என்றேன்.

அளவில் பார்த்தால் அவருடைய காரில் ஏறும் உப்புத்தான் கூட. ஆனால் கறளுக்கு உப்பு மட்டும் போதாது, அந்த உப்பு ஈரமாக இருக்கவேண்டும். இதை விளங்க ஆய்வுகூடம் வேண்டாம், குசினி போதும். வெள்ளவத்தையில் உப்புப் போத்தலுக்குள் நாலு அரிசி போட்டு வைக்காத வீடு குறைவு. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சோடியம் குளோரைட்டே தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். கொழும்பில் இரவு ஈரப்பதன் 75ஐத் தாண்டாத நாள் அரிது. ஆக, எங்கள் காரில் படிந்த உப்பு காய்வதே இல்லை. நாள் முழுக்க மெல்லிய மின்பகுபொருள் (மின்சாரம் கடத்தும் கரைசல்) படலமாகவே கிடக்கும். போதாக்குறைக்குச் சூடு. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் தாக்கவேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று வகுப்பில் பருமட்டாகச் சொல்லுவோம். அண்ணாவின் கார் மைனஸ் பத்தில் உப்போடு நின்றாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. பனி கரையும் மாதங்களில்தான் அடி. என் காருக்குத் தினமும் பனி கரையும் மாதம்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்?

உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர். வேறு எதைப் பூசினாலும் அது இரண்டாவதுதான். ஆனால் "நல்ல" என்ற சொல்லில்தான் நான் ஏமாந்தேன்.

பாஸ் காட்டிய ஓட்டை மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கழுவிய கார் எப்படி இப்படிப் போயிற்று? ஒரு நாள் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து சின்னக் குப்பியில் கொஞ்சம் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலும் ஐதான நைத்திரிக்கமிலமும் கொண்டுவந்தேன். குளோரைட்டு இருந்தால் வெள்ளை வீழ்படிவு வரும் என்பது சாதாரணதரப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை. குழாய்த் தண்ணீரில் லேசாக ஒரு மங்கல். குளோரீன் போட்ட தண்ணீர், அது எதிர்பார்த்தது. பிறகு வொச்சர் ஐயா வாளியில் வைத்திருந்த தண்ணீரில் இரண்டு துளி விட்டேன். விட்ட மாத்திரத்தில் கட்டித் தேங்காய்ப்பாலாகத் திரண்டு அடியில் இறங்கியது.

"இது எங்கே பிடித்த தண்ணி ஐயா?"

"பின்பக்கத்துக் குழாய்க் கிணறு மிஸ். கார் கழுவ நல்ல தண்ணியை ஏன் வீணாக்குவான்?"

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கனம் பார்த்திருக்கிறார். கடலோரத்துக் கிணறு, உவர் ஊறியிருக்கிறது. கழுவுகிறேன் என்று ஞாயிறு தோறும் காரை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, அதற்கு மேலே மெழுகும் பூசி, வடிவாக ஊறுகாய் போட்டிருக்கிறோம்.

உங்களிடம் வெள்ளி நைத்திரேற்று இருக்காது. கறுப்பான கண்ணாடித் துண்டு அல்லது பழைய சீடி ஒன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு துளியும் குழாய்த் தண்ணீரை ஒரு துளியும் பக்கத்தில் பக்கத்தில் விட்டு வெயிலில் காயவையுங்கள். கிணற்றுத் துளி காய்ந்த இடத்தில் தடித்த வெள்ளை வளையம் நின்றால் அந்தத் தண்ணீர் பூக்கன்றுக்கும் கூடாது, காருக்கும் கூடாது. சேர்விஸ் ஸ்டேசனிலும் ஒரு தரம் கேளுங்கள். கடலோரத்தில் கிணற்றை நம்பி நடத்தும் இடமென்றால் நான் காரை உள்ளே கொஞ்சம் தள்ளி, ஹவ்லொக் வீதிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவேன்.

அடுத்த கேள்வி, எவ்வளவு நேரம் கழுவுவது? அதையும் சோதித்தேன், குப்பி கையிலிருந்ததால் ஆசை விடவில்லை. பின்சில்லு வளைவுக்குள் குழாய்த் தண்ணீரை அடித்து, வடியும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பில் ஏந்தினேன். முதலாவது கப் பால். ஐந்து நிமிடம் கழித்து எடுத்ததும் பால்தான், தண்ணீர் கலந்த பால். பத்து நிமிடம் தாண்டித்தான் குழாய்த் தண்ணீரின் மங்கலுக்கு இறங்கியது. சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் உப்பு அவசரத்துக்கு வெளியே வராது. இரண்டு நிமிடம் அடித்துவிட்டு நிறுத்தினால், சேற்றோடு கிடந்த உப்பை இன்னும் நனைத்து விட்டதுதான் மிச்சம். (விரலெல்லாம் கறுத்து ஒரு கிழமை அப்படியே கிடந்தது. வெள்ளி நைத்திரேற்றைக் கையுறையில்லாமல் தொடாதீர்கள் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறவள்தான் நான்.)

காரைத் தூக்கும் ஹொயிஸ்ட் வீட்டில் இல்லாதவர்களுக்கு மலிவான வழி ஒன்று: புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்கிளரை ஹோஸில் பூட்டிக் காருக்கு அடியில் தள்ளிவிடுங்கள். முன்பக்கம் பத்து நிமிடம், நடுவில் பத்து, பின்னால் பத்து. நீங்கள் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கலாம். சில்லு வளைவின் உள்விளிம்புக்கு மட்டும் கைவேலை வேண்டும். அந்த மடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள், களிமண் மாதிரிச் சேறு வரும். பழைய பல்துலக்கும் பிரஷ் அதற்குச் சரியான ஆயுதம்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. மே முதல் செப்டெம்பர் வரை இரண்டு கிழமைக்கு ஒரு தரம் அடிப்பக்கம். மற்ற மாதங்களில் மாதத்துக்கு ஒரு தரம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சேர்விஸ் ஸ்டேசனில் ஹொயிஸ்டில் ஏற்றி அண்டர் வோஷ். அப்போது கூடவே நில்லுங்கள். பிரஷர் துப்பாக்கியை வயர் இணைப்புகளிலும் இறப்பர் புஷ்களிலும் ஒட்டிப் பிடித்து அடிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். ஹைபிரிட் கார் என்றால் செம்மஞ்சள் உறை போட்ட உயர் மின்னழுத்தக் கேபிள் இருக்கும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மேற்பக்கத்துக்கு ஒரே விதி: காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். காலையில் பார்க்கிங்கில் இறகுத் துடைப்பத்தோடு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். உப்பும் மணலும் சேர்த்துத் தேய்ப்பது மண்கடதாசி போடுவதற்குச் சமம். முதலில் தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டுத்தான் துணி. பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். தடிப்பாக இருக்க அதில் பலவற்றுக்கு உப்பே சேர்ப்பார்கள், மெழுகையும் கழற்றிவிடும். கார் ஷாம்பு வாங்குங்கள்.

கழுவியவுடன் மூடி வைக்கவும் கூடாது. இருபது நிமிடம் ஓடிவிட்டு வாருங்கள், பிரேக்கும் காயும். கடற்கரையில் பிளாஸ்டிக் கவர் போடுவது எனக்குப் பிடிக்காது. உள்ளே வியர்த்துக் கிடக்கும், காற்றில் படபடவென்று அடித்துப் பெயின்ட்டைத் தேய்க்கும். பக்கத்துப் பார்க்கிங்காரர் அப்படி மூடிய சிவப்புக் காரின் மூலைகள் இப்போது ரோசா நிறம்.

தண்ணீர் போக வழி

சின்னக் கார் உக்குவது பெரும்பாலும் உள்ளேயிருந்து வெளியே. கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அது வழமை. கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் வழியே வடிந்துவிடும். அந்தத் துளையைச் சேறும் இலைத்தூளும் அடைத்தால் கதவு ஒரு தொட்டி. கதவைத் திறந்து கீழே குனிந்து, கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டியின் நுனியை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு ஆட்டுங்கள். கம்பி வேண்டாம், பெயின்ட்டைச் சுரண்டும். என் காரில் இடது பின்கதவிலிருந்து அரைக் கோப்பைத் தண்ணீர் வந்தது. எத்தனை நாள் கிடந்ததோ, சேற்று மணம்.

முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தையும் மறக்கவேண்டாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு அரலி மரம், அதன் பூவெல்லாம் அங்கேதான் போய்ப் படுக்கும். பூ அடைத்தால் தண்ணீர் உள்ளே கால்மிதிக்கு அடியில் இறங்கும். கால்மிதியைத் தூக்கிக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கே கண்டுபிடிக்கவேண்டும். பின்னால் ஸ்பெயார் சில்லு கிடக்கும் குழியையும் பாருங்கள், நிறையப் பேர் பஞ்சர் ஆன அன்றைக்குத்தான் அதைத் திறப்பார்கள்.

பற்றரி முனையில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சோடா மா கரைத்து ஊற்றிக் கழுவி, இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். பூசிவிட்டுப் பூட்டுவதல்ல. எஞ்சினிலிருந்து காரின் உடலுக்கு ஓடும் எர்த் வயரின் போல்ட்டுக்கும் அதே வைத்தியம். ஏ.சி. கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை வாரம் ஒரு தரம் மெதுவான தண்ணீரால் நனைத்தாலே போதும், பிரஷர் அடித்தால் மடங்கிவிடும்.

கறளைக் கண்டால்

கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பெயின்ட்டில் கொப்புளம் வருவது அதனால்தான். மேலே பயறளவு கொப்புளம் என்றால் கீழே ஐந்து சத நாணய அளவுக்கு வேலை முடிந்துவிட்டது என்று வையுங்கள்.

தட்டினால் டங் என்று கேட்கிற இடமென்றால் நீங்களே செய்யலாம். கம்பிப் பிரஷால் உதிர்வதையெல்லாம் உதிர்த்து, 80 ஆம் இலக்க மண்கடதாசி, பிறகு 240. நல்ல தண்ணீரால் கழுவவேண்டும், இதை மறக்கவே வேண்டாம். குழிகளுக்குள் உப்பு இருக்க மேலே பெயின்ட் பூசினால் மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே கொப்புளம். நன்றாகக் காய்ந்த பிறகு கறள் மாற்றி பூசுங்கள். பெயின்ட் கடையில் ரஸ்ட் கன்வேர்ட்டர் என்று கேட்டால் தருவார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பொசுபோரிக்கமிலம் அல்லது தனிக்கமிலம் (டானிக் அமிலம்). தனிக்கமிலம் பூசினால் செங்கபிலம் கண் முன்னாலேயே நீலக்கறுப்பாக மாறும். இரும்புச் சட்டியில் பிளேன்டீ ஊற்றி மறந்துவிட்டால் கறுக்கிறதே, அதே சங்கதி. (தேயிலைச் சாயத்தையே பூசலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். பூசலாம், ஆனால் காரை எறும்பு மொய்க்காமல் பார்த்துக்கொள் என்றேன்.) அதற்கு மேல் நாகம் (துத்தநாகம்) கலந்த பிரைமர் அல்லது எபொக்சி பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். பிரைமரோடு நிறுத்திவிடாதீர்கள், பல பிரைமர்கள் ஈரத்தைக் குடிக்கும். இந்த வேலைக்குக் கொழும்பில் தோதான காலம் ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை. ஆடிக் காற்றில் கடற்கரையோரம் பெயின்ட் பூசினால் உப்பையும் சேர்த்துத்தான் பூசுவீர்கள்.

டப் என்று கேட்டால் உங்கள் வேலையல்ல. வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டவேண்டும். டிங்கர் வேலை செய்பவர் புட்டி வைத்து மேவித் தருகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டி அலங்காரமல்ல, பக்கவாட்டில் இடிபட்டால் உங்களைக் காக்கும் எலும்பு அது. என் காருக்கு இரண்டு பக்கமும் வெட்டி ஒட்ட ஒன்பது நாள் ஆயிற்று. அந்த மாத டியூஷன் காசு அப்படியே பாஸின் கைக்குப் போயிற்று. பிரேக் குழாய்களையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பென்சிலைவிட மெல்லிய உருக்குக் குழாய்கள், அடியில்தான் ஓடுகின்றன. செதில் செதிலாகக் கறள் தெரிந்தால் பெயின்ட் அடிக்காதீர்கள், மாற்றுங்கள். இதையெல்லாம் நீங்களே பார்க்க ஆசைப்பட்டால், ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள்.

என்ன பூசுவது

அண்ணா சொன்ன எண்ணெய்த் தெளிப்புக்கே நானும் வந்து சேர்ந்தேன். கதவுக்குக் கீழுள்ள பெட்டி, பின்கதவு, சில்லு வளைவின் உட்பக்கம் போன்ற மூடிய இடங்களுக்குள் மெல்லிய மெழுகு அல்லது லனொலின் எண்ணெயை நீளமான குழாய் மூக்கோடு தெளிக்கவேண்டும். மடிப்புகளுக்குள் ஊர்ந்து போய் நிற்கும், ஈரத்தைத் தள்ளிவிடும். தெளித்த பிறகு வடிதுளைகளைத் திரும்பக் கேபிள் பட்டியால் திறந்துவிடுங்கள். நான் ஏப்ரலில், வருஷப்பிறப்புக்கு முன்னால் செய்விக்கிறேன். பருவக்காற்று தொடங்க ஒரு மாதம் இருக்கிறது, அடிப்பக்கம் காயவும் நேரம் கிடைக்கிறது. காய்ந்த பிறகுதான் தெளிக்கவேண்டும். அண்டர் வோஷ் முடிந்த கையோடு ஈரத்துக்கு மேலே தெளித்துத் தருகிற இடங்கள் இருக்கின்றன, "நாளைக்குக் கொண்டுவாறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்துவந்துவிடுவேன்.

கழிவு எஞ்சின் ஒயிலைத் தெளிக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. வேண்டாம். எரிந்த ஒயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், இறப்பர் புஷ் ஊதிப்போகும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் இருக்கின்றன. மழை பெய்தால் அது அப்படியே வெள்ளவத்தைக் கால்வாய்க்குத்தான். தேங்காயெண்ணெயும் கேட்டார்கள். அம்மம்மா தன் சைக்கிளுக்குப் பூசுவார், சரி. கார் அடியில் அது காறி, புழுதியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

கறுப்புத் தார் மாதிரித் தடிப்பாக அடிக்கும் அண்டர்கோட் பற்றி எனக்குக் கோபம் உண்டு. புத்தம் புது இரும்பில், காய்ந்த மேற்பரப்பில் அடித்தால் அது நல்ல கவசம். கறளுக்கு மேலே அடித்தால் அது போர்வை. ஓரத்தில் மயிரளவு வெடித்தாலே உப்புத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் இருந்து தின்னும். வெளியே பார்த்தால் கறுப்பாய், வடிவாய் இருக்கும்.

தண்ணீர் நிறைந்த வீதி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னக் காரின் எஞ்சின் காற்றிழுக்கும் வாய் தாழ்வானது. சில்லின் பாதிக்கு மேலே தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள். நடுவில் எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். உள்ளே போன தண்ணீரை பிஸ்டன் அமுக்க முடியாது, பிஸ்டனைத் தள்ளும் கம்பி வளைந்துவிடும். தள்ளி ஏற்றுங்கள். தண்ணீரைக் கடந்து வந்தால் பிரேக்கை மெதுவாக நாலைந்து தரம் மிதித்துக் காயவையுங்கள். டயர் பட்டனின் (தரையைப் பிடிக்கும் வெட்டுகளின்) ஆழத்தை 1.6 மில்லிமீற்றர் வரை தேயவிடாதீர்கள், 3க்குக் கீழே போகும்போதே ஈர வீதியில் நிற்கும் தூரம் கூடத் தொடங்கும். கண்ணாடி உள்ளே புகைத்தால் துணியைத் தேடாதீர்கள், ஏ.சி.யைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். நாள்கணக்கில் கார் நிற்கப்போகிறதென்றால் சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சில்லுக்கு ஒரு கல் வையுங்கள். கடல்காற்றில் பிரேக் ட்ரம்மோடு ஒட்டிப்பிடித்துவிடும், எனக்கு லொக்டவுன் முடிந்த நாளில் அப்படி ஆயிற்று.

வாங்கப் போகிறீர்கள் என்றால்

இப்போது இறக்குமதி மறுபடி திறந்திருப்பதால் இதையும் சொல்லவேண்டும். பாஸ் என் காரின் அடியிலிருந்த கறுப்பைச் சுரண்டியபோது தலையை ஆட்டினார். "மிஸ், இது வெள்ளவத்தைக் கறள் மட்டுமில்லை. இந்தக் கறுப்புக்கு அடியில இருக்கிறது இன்னும் பழசு."

வாங்கும்போது தந்த யப்பான் ஏலத்தாளின் (அங்கே ஏலத்துக்கு விடும்போது காரின் நிலையைக் குறிக்கும் தாள்) பிரதி கிளவ் பொக்ஸில் கிடந்தது. யப்பானில் படித்துவிட்டு வந்த பழைய மாணவி ஒருத்தியிடம் போனில் படம் பிடித்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "மிஸ், இது சப்போரோவில் ஓடின கார். கீழ்ப்பக்கம் கறள் என்று கையால் எழுதியிருக்கு." சப்போரோ ஹொக்கைடோவில், பனி மலைமலையாகக் கொட்டும் ஊர்; அங்கேயும் வீதிக்கு உப்புத்தான். பனிநாட்டு உப்பைத் தின்றுவிட்டு வந்த காரை யாரோ தார் பூசி மறைத்துத் தந்திருக்கிறார்கள். அதை நான் கொண்டுவந்து கடலோரம் நிறுத்தி, உவர்த் தண்ணீரால் கழுவியிருக்கிறேன். அண்ணாவிடம் சொன்னபோது இந்தத் தரம் அவர் சிரிக்கவில்லை.

ஏலத்தாளில் கார்ப் படத்தின் மேல் ஆங்கில எழுத்துகளைக் குறித்திருப்பார்கள். எஸ் என்றால் கறள், சி என்றால் அரித்துப்போனது. பக்கத்து எண் கூடக்கூட மோசம். படத்தோடு நின்றுவிடாமல், கையெழுத்தில் இருக்கும் குறிப்பை யப்பான் மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசிப்பித்துக்கொள்ளுங்கள், அடிப்பக்கத்தின் கதை அங்கேதான் இருக்கும். குளிர்ப் பிரதேசத்துக்கென்று தயாரித்த கார் என்று எழுதியிருந்தால் அது குறையல்ல, பற்றரியும் ஹீட்டரும் பெரிதாக இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட காரை ஹொயிஸ்டில் ஏற்றாமல் வாங்காதீர்கள்.

ஹொயிஸ்டில் என்ன பார்ப்பது? பின் அச்சு, ஸ்பிரிங் உட்காரும் தட்டு, பெற்றோல் டாங்கியைத் தாங்கும் பட்டி, போல்ட் தலைகள். போல்ட் தலையின் அறுகோணம் கறளில் உருண்டுபோயிருந்தால் உப்பில் ஊறிய கார். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி இருக்கிறதா? உள்ளே ஆசனத்துக்குக் கீழே தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பி கறள் பிடித்திருந்தால் கார் தண்ணீருக்குள் நின்றிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சீற் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அடியில் சேற்றுக் கோடு தேடுங்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிச் சில்லு வளைவில் ஓடவிடுங்கள், பிடிக்காத இடத்தில் புட்டி.

அடிப்பக்கம் புத்தம் புதிதாகக் கறுப்படித்திருந்தால், "ஒரு விரலகலம் சுரண்டிப் பார்க்கட்டுமா, திரும்பப் பூசும் செலவு என்னுடையது" என்று கேளுங்கள். சம்மதித்தால் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போய், சத்தம் எங்கே மாறுகிறது என்று காது கொடுங்கள். சம்மதிக்காவிட்டால் அடுத்த காரைப் பார்க்கப் போங்கள்.